பிராஸ் பசா சிறை: கைதிகளே காவலரான கதை

சிங்கப்பூரின் முதல் பெரிய சிறையைக் கட்டியவர்கள் அதில் அடைபட்டவர்களேதான். சுவர் எழுப்பியது அவர்கள் கை. எழுப்பி முடித்த பிறகு உள்ளே காவல் நின்றதும் பெரும்பாலும் அவர்களே. இன்று சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் காப்பியும் கையுமாக நடமாடும் பிராஸ் பசா வட்டாரத்தில்தான் அந்தச் சிறை இருந்தது. சுவரின் சுவடுகூட இப்போது இல்லை.

சிறைக்குள் சென்று வகுப்பெடுக்கும் நம் தொண்டூழியர்களின் மலருக்குச் சிறை வரலாறு ஒன்று வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். இங்கே சிறை வரலாறு என்றால் சாங்கியிலிருந்து தொடங்குவது வழக்கம். நான் அதற்கும் நூறாண்டு முன்னால் போகிறேன். நம்மவர்கள் இந்த மண்ணில் முதலில் கால் வைத்தது வணிகர்களாக, சிப்பாய்களாக, சலவைத் தொழிலாளர்களாக என்று சொல்லிக்கொள்கிறோம். காலில் விலங்கோடு வந்தவர்களை அந்தப் பட்டியலில் சேர்க்க நமக்குக் கொஞ்சம் கூச்சம்.

தீவாந்தர தண்டனை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு, 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து 73 பேரைக் கிழக்கிந்தியக் கும்பினியார் பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் சிவகங்கையின் வேங்கன் பெரிய உடையத் தேவரும் அதில் இருந்தார்கள். அவர்கள் அரசியல் கைதிகள். பின்னால் வந்தவர்களில் பெரும்பாலோர் கொலை, கொள்ளை, வழிப்பறி வழக்குகளில் சிக்கியவர்கள். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்ற அச்சம் தூக்குக்கயிற்றைவிடப் பெரிது என்று கும்பினியார் கணக்குப் போட்டார்கள். 'கறுப்புத் தண்ணீர்' என்ற பேச்சே அந்த அச்சத்தில் பிறந்ததுதான்.

பினாங்கு, பென்கூலன் என்று கைதிகள் போய்க்கொண்டிருந்த காலத்தில், 1824இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். சுமத்ராவின் பென்கூலன் டச்சுக்காரர் கைக்குப் போயிற்று. அங்கிருந்த இந்தியக் கைதிகளைக் கும்பினி சிங்கப்பூருக்கு மாற்றியது. 1825 ஏப்ரல் 18 அன்று 'ஹொரேஷியோ' என்ற கப்பலில் மதராஸ் மாகாணத்துக் கைதிகள் 80 பேர் இங்கே வந்து இறங்கினார்கள். ஒரு வாரம் கழித்து வங்காளக் கைதிகள் 122 பேர். ராஃபிள்ஸ் இந்தத் தீவில் கால் வைத்து அப்போது ஆறு ஆண்டுதான் ஆகியிருந்தது.

வந்தவர்களில் பலருக்கு நெற்றியே குற்றப்பத்திரிகை. ஆயுள் தண்டனை பெற்றவர்களின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தி அனுப்பும் வழக்கம் வங்காளத்திலும் மதராஸிலும் சட்டமாகவே இருந்தது. 1849இல்தான் அது ஒழிந்தது. அதுவரை வந்தவர்கள் முண்டாசைப் புருவம் வரை இறக்கிக் கட்டிக்கொண்டார்கள். முடியை முன்னால் வளர்த்து விட்டுக்கொண்டார்கள். விடுதலையாகி, மாட்டுவண்டி ஓட்டி, நாலு காசு சேர்த்து, பெண்டாட்டி பிள்ளையோடு வாழ்ந்தவர்களும் முண்டாசை மட்டும் ஏற்றிக் கட்டியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஆறு வகுப்புகள்

சிங்கப்பூர் வரியில்லாத் துறைமுகம். சுங்கம் கிடையாது, வருமானம் குறைவு, கூலியாள் விலை அதிகம். சாலை போட வேண்டும், சதுப்பு நிலம் தூர்க்க வேண்டும், பாலம் கட்ட வேண்டும். கல்கத்தாவிலிருந்து பணம் வராது. கைதிதான் வருவான். ஆகவே கைதியைப் பூட்டி வைப்பது சிங்கப்பூருக்குக் கட்டுப்படியாகவில்லை. லண்டனில் 1842இல் திறந்த பென்டன்வில் சிறையில் ஒரு கைதி இன்னொரு கைதியின் முகம் பார்க்காதபடி தனியறையில் அடைத்துத் திருத்துகிறோம் என்றார்கள். அதே பத்தாண்டில் இங்கே கைதிகள் காலையில் கோஷ்டி கோஷ்டியாக வெளியே போய், நாள் முழுக்கச் சாலையில் வேலை பார்த்து, மாலையில் திரும்பினார்கள். இது கருணையால் வந்ததல்ல, கணக்கால் வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தச் சிறையைப் பற்றி எழுதுகிறவர்கள் சற்று உருகிவிடுவது வழக்கம்.

கணக்கால் வந்ததானாலும் அது ஒழுங்கான ஏற்பாடாக வளர்ந்தது. பென்கூலனில் ராஃபிள்ஸே கைதிகளைத் தரம் பிரித்து, நன்னடத்தை உள்ளவர்களுக்குக் குடியிருக்க நிலமும் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் உரிமையும் தர வேண்டும் என்று எழுதியிருந்தார். ஆளுநர் பட்டர்வொர்த் காலத்தில், 1845இல், அது விதிமுறையாக உருப்பெற்றது. ஆறு வகுப்பு. புதிதாகக் கப்பலிலிருந்து இறங்கியவன் நான்காம் வகுப்பு. சில காலம் விலங்கோடு வேலை. ஒழுங்காக இருந்தால் மூன்றாம் வகுப்பு. விலங்கு கழன்று சாலை, கட்டட வேலைக்குப் போவான். அடுத்தது இரண்டாம் வகுப்பு. இங்கேதான் விசேஷம். இரண்டாம் வகுப்புக்காரன் மற்றக் கைதிகளை மேய்க்கும் தண்டல், டபேதார், பியூன் ஆவான்; மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் வேலை பார்ப்பான். முதல் வகுப்பு, 'டிக்கெட் ஆஃப் லீவ்' எனும் விடுப்புச் சீட்டு பெற்றவர்களுக்கு. ஆயுள் தண்டனைக்காரன் பதினாறு ஆண்டு ஒழுங்காகக் கழித்தால் அந்தச் சீட்டு கிடைக்கும். ஊருக்குள் வீடு எடுத்து, தொழில் செய்து, கல்யாணம் கட்டிக்கொண்டு வாழலாம்; மாதத்துக்கு ஒருமுறை வந்து தலைகாட்டினால் போதும். ஐந்தாம் வகுப்பு, மேலேயிருந்து தவறு செய்து இறக்கப்பட்டவர்களும் முரடர்களும். அவர்களுக்கு விலங்கும் கண்காணிப்பும். ஆறாம் வகுப்பு, வயதானவர்கள், உடல் தளர்ந்தவர்கள்.

இதன் சூட்சுமம் ஏணியில் இல்லை. ஏணி எல்லாச் சிறையிலும் உண்டு. ஏணியின் ஒவ்வொரு படியும் கைதிக்குத் தெரிந்திருந்ததில் இருக்கிறது. எத்தனை வருஷம் கழித்தால் விலங்கு போகும், எத்தனை வருஷத்தில் கையில் சீட்டு வரும் என்று எழுத்தறியாத கைதிக்கும் விரல்விட்டு எண்ணத் தெரியும். தன்னை மேய்க்கும் தண்டலும் அதே ஏணியில் ஏறி வந்தவன் என்பது கண்ணெதிரே தெரியும். 1850களின் கடைசியில் இரண்டாயிரத்தைத் தாண்டிய கைதிகளை விரல்விட்டு எண்ணக்கூடிய ஐரோப்பிய அதிகாரிகள் சமாளித்தது இப்படித்தான்.

இந்த விவரங்களில் பெரும்பகுதி அந்தச் சிறையின் கண்காணிப்பாளராக இருந்த மேஜர் மக்நேர் 1899இல் வெளியிட்ட நூலிலிருந்து கிடைப்பவை. கைதிகளே தமக்குக் காவலர் என்பதையே அவர் தலைப்பாக வைத்தார். தம் சிறையைத் தாமே புகழ்ந்து எழுதியவர் என்பதை மறந்துவிடக் கூடாது. கசையடி எப்படி விழுந்தது, தண்டல்கள் யாரிடம் எவ்வளவு பறித்தார்கள் என்பதைக் கைதிகளில் ஒருவர் எழுதியிருந்தால் கதை வேறு மாதிரி இருந்திருக்கும். எந்தக் கைதியும் எழுதி வைத்ததாக நான் பார்த்ததில்லை.

முட்டை, கருப்பட்டி, சுண்ணாம்பு

அவர்கள் எழுதவில்லை, கட்டினார்கள். பெரிய சாலைகள் பலவும் அவர்கள் கைபட்டவை. பேட்ரா பிராங்கா பாறையில் 1850–51இல் எழுந்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்திலும், பிறகு ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கத்திலும் அவர்கள் உழைப்பு இருக்கிறது. புலாவ் உபினில் கல் உடைத்தார்கள். சிராங்கூன் சாலைப் பக்கம் செங்கல் சூளை வைத்தார்கள். அந்தச் செங்கல் 1867 ஆக்ரா கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் வாங்கிற்று. இப்போது அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானா 1867–69இல் கட்டப்பட்டது. வரைபடம் மக்நேருடையது, வேலை கைதிகளுடையது. தீவில் புலி நடமாட்டம் அதிகமானபோது துப்பாக்கி கொடுத்துப் புலி வேட்டைக்கும் கைதிகளைத்தான் அனுப்பினார்கள். தண்டனைக் கைதி கையில் துப்பாக்கி! இன்றைய எந்தச் சிறை அதிகாரியிடம் சொன்னாலும் சிரிப்பார்.

ஒரு கட்டடத்தை மட்டும் நெருங்கிப் பார்க்கலாம். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். முன்பிருந்த கட்டடத்தில் இருமுறை இடி விழுந்து, அது இடிக்கப்பட்டது. புதியதற்கு 1856 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். 1862 ஜனவரியில் அபிஷேகம் செய்தார்கள். வடிவமைத்த மக்பெர்சன் அப்போது கைதிகளின் கண்காணிப்பாளர். உள்ளே போனால் சுவரையும் தூணையும் கையால் தடவிப் பாருங்கள். பூச்சில் மணல் இல்லை. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவையும் கருப்பட்டி போன்ற கரடு சர்க்கரையையும் அடித்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் கலந்திருக்கிறார்கள். பூசி, காயவிட்டு, பளிங்குக் கல்லாலும் உருண்டைக் கூழாங்கல்லாலும் தேய்த்திருக்கிறார்கள். இடையிடையே மாவுக்கல் பொடியைத் தூவித் தேய்த்ததும் மினுமினுப்பு வந்திருக்கிறது. அதிகாரிகள் இதை 'மதராஸ் சுண்ணாம்பு' என்றார்கள். செட்டிநாட்டு வீடுகளில் முதுகைச் சாய்த்தால் சில்லென்று இருக்கும் சுவருக்கு இது பங்காளி. இது ஆங்கில இன்ஜினீயரிங் புத்தகத்தில் பிறந்த செய்முறை அல்ல. யாரோ ஒரு தஞ்சாவூர்க்காரரோ திருநெல்வேலிக்காரரோ, ஊரில் கொத்து வேலை பார்த்து, ஏதோ ஒரு சண்டையில் அரிவாளை ஓங்கி, கப்பலேறி வந்து, தமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தெய்வத்தின் சுவரில் நின்று அந்தக் கலவையைக் குழைத்திருக்க வேண்டும். பெயர் எங்கும் இல்லை.

சௌத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் செங்கல் கட்டடம் 1843இல் எழுந்ததிலும் மதராஸிலிருந்து வந்த முன்னாள் கைதிகளின் கைவேலை உண்டு என்பது வழிவழிச் செய்தி. அது மட்டும் அவர்கள் தங்கள் விருப்பத்துக்குச் செய்த வேலையாக இருந்திருக்கலாம்.

கைதிப் போக்குவரத்து ஒருவழிப் பாதையும் அல்ல. நீரிணைக் குடியிருப்புகளில் தண்டனை பெற்ற சீனர்களை மதராஸ் மாகாணச் சிறைகளுக்கு அனுப்பினார்கள். 1860களில் நீலகிரியின் நடுவட்டத்தில் சின்கோனா தோட்ட வேலைக்கு அவர்கள் பயன்பட்டார்கள். சிலர் விடுதலையாகி அங்கேயே தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார்கள். நடுவட்டத்தில் அந்தச் சிறைக் கட்டடம் இன்னும் இருக்கிறது.

மூடிய கதை

பிராஸ் பசா சிறையை மூடவைத்தது கைதிகளின் குற்றமல்ல, ஊரின் வளர்ச்சி. சாலைகள் வந்துவிட்டன, சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள், கூலி மலிந்தது. 1857இல் வட இந்தியாவில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த செய்தி வந்ததும் ஐரோப்பிய வணிகர்களுக்கு நடுக்கம் பிடித்தது. மொஹரம் நாளில் கைதிகள் எழப்போகிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் இந்தியா தன் குப்பையை எங்கள் வாசலில் கொட்டுகிறது என்ற முறையீடு, லண்டனின் நேரடி ஆட்சி கேட்ட மனுவில் முக்கிய இடம் பிடித்தது. 1867 ஏப்ரல் 1 அன்று சிங்கப்பூர் நேரடி முடியாட்சிக் காலனி ஆயிற்று. 1873இல் சிறையைக் கலைத்து, எஞ்சிய நீண்டகாலக் கைதிகளை அந்தமானுக்கு அனுப்பினார்கள். சீட்டு பெற்றவர்கள் இங்கேயே கலந்துவிட்டார்கள். நம்மில் சிலருடைய கொள்ளுத்தாத்தாக்கள் அவர்களாக இருக்கக் கூடும். குடும்பக் கதைகளில் அது வராது.

பிறகு அவுட்ராம் சிறை; 1936இல் சாங்கி. ஜப்பானியர் காலத்தில் சாங்கிக்குள் ஏறத்தாழ மூவாயிரம் பொதுமக்களை அடைத்தார்கள். அது 600 பேருக்கென்று கட்டியது. பழைய கட்டடம் போய், வாயிலும் ஒரு நீளச் சுவரும் தேசியச் சின்னமாக நிற்கின்றன. இவற்றைப் பற்றி எழுத வேறு பலர் இருக்கிறார்கள்.

நான் நிற்க விரும்புவது புலாவ் செனாங் தீவில்.

1959இல் ஆட்சிக்கு வந்த அரசாங்கத்தின் தலைவர்களில் பலர் சிறையை உள்ளிருந்து பார்த்தவர்கள். பின்னாளில் அதிபரான தேவன் நாயர் அவர்களில் ஒருவர். அவர் தலைமையில் சிறை விசாரணைக் குழு அமைந்தது. இரகசியக் கும்பல்களைச் சேர்ந்தவர்கள் என்று விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டிருந்தவர்களைத் திருத்த, தெற்கே ஒரு தீவில் சுவரில்லாச் சிறை என்ற திட்டம் உருவாயிற்று. 1960இல் முதல் தொகுதி போனது. காட்டை வெட்டி, சாலை போட்டு, தங்கும் விடுதியும் பட்டறையும் அவர்களே கட்டினார்கள். கண்காணிப்பாளர் டேனியல் டட்டன் காவலர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். உழைப்பு மனிதனைத் திருத்தும் என்பது அவர் நம்பிக்கை. வெளிநாட்டிலிருந்து வந்து பார்த்தவர்கள் மெச்சினார்கள்.

1963 ஜூலையில் படகுத்துறைக் கட்டுமான வேலை தொடர்பாகப் புகைச்சல். வேலைக்கு மறுத்த தச்சர்கள் சிலரை டட்டன் சாங்கிக்கே திருப்பியனுப்பினார். சில நாளில், ஜூலை 12 அன்று, கலவரம் வெடித்தது. டட்டனும் அவருடைய அதிகாரிகள் மூவரும் கொல்லப்பட்டார்கள். மூன்று ஆண்டு உழைத்துக் கட்டியதைக் கட்டியவர்களே ஒரு மணி நேரத்துக்குள் எரித்துவிட்டார்கள். நீண்ட ஜூரி விசாரணைக்குப் பின் 18 பேருக்கு மரண தண்டனை. 1965 அக்டோபரில் அவர்களைத் தூக்கிலிட்டார்கள். தீவுத் திட்டம் அத்தோடு முடிந்தது.

கைதியை நம்பியதுதான் டட்டன் செய்த பிழை என்று அப்போதிருந்து சொல்லிவருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிராஸ் பசாவில் புலி வேட்டைக்குத் துப்பாக்கியே கொடுத்தார்கள். காவலையும் அவர்களிடமே விட்டார்கள். அங்கே இருந்தவர்கள் புலாவ் செனாங் ஆட்களைவிட எந்த விதத்திலும் சாதுக்கள் அல்லர். வித்தியாசம் தேதியில் இருக்கிறது. பிராஸ் பசாக் கைதிக்குத் தீர்ப்பு உண்டு, வகுப்பு உண்டு, பதினாறாம் ஆண்டு உண்டு. புலாவ் செனாங்கில் இருந்தவனுக்குத் தீர்ப்பே கிடையாது; விசாரணையில்லாத தடுப்புக்காவல். எப்போது வீடு திரும்புவான் என்பது, அவன் திருந்திவிட்டானா என்று மேலே இருக்கும் ஒருவர் நினைப்பதைப் பொறுத்தது. அப்படிப்பட்டவனுக்கு, இன்று கூடுதலாக இரண்டு மணி நேரம் வேலை செய் என்றால் அது எதன் பேரில் வரவு வைக்கப்படும் என்று தெரியாது. டட்டன் ஆட்களை மிகவும் வாட்டினார் என்பாரும் உண்டு, இருக்கலாம். ஆனால் பிராஸ் பசாவிலும் கல் உடைத்தார்கள், சதுப்பில் இடுப்பளவு நின்றார்கள்.

இதை நம் தொண்டூழியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முதல்முறை வகுப்புக்குப் போய் வந்தவர்களும் கவனித்திருப்பார்கள்: பெயர் சொல்வதற்கு முன்பே தேதி சொல்கிறவர்கள் உண்டு. தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு நன்னடத்தையால் கழியும் என்பதை எல்லாரும் நாள் கணக்கில் வைத்திருக்கிறார்கள். 2014 முதல் அந்தக் கழிவு நிபந்தனைக்குட்பட்டது. வெளியே வந்து அந்தக் காலத்துக்குள் மறுபடி குற்றம் செய்தால், கழிந்த நாள்கள் தலையில் ஏறலாம். பழைய விடுப்புச் சீட்டுக்கு இது தூரத்து உறவு. பிரம்படியும் தூக்கும் காலனி நாளிலிருந்து இன்றுவரை நீடிக்கின்றன. அவற்றில் நமக்குள்ளேயே இரு கருத்து இருப்பதால் இங்கே வளர்க்கவில்லை.

2004இல் மஞ்சள் ரிப்பன் இயக்கம் வந்த பிறகு, முன்னாள் கைதிகளுக்கு வேலை தர முன்வரும் முதலாளிகள் கூடியிருக்கிறார்கள் என்பது நம் கண்ணில் தெரிகிறது. அதற்கு அடுத்த ஆண்டில் வந்த சட்டத் திருத்தம், சிறு குற்றம் செய்தவர் ஐந்து ஆண்டு ஒழுங்காக இருந்தால் அவருடைய குற்றப்பதிவைக் கழிந்ததாகக் கொள்ள வழி செய்தது. சிறைத் தண்டனை மூன்று மாதத்துக்கு மேற்படாமலும் அபராதம் 2,000 வெள்ளிக்கு மேற்படாமலும் இருந்தால்தான் இது பொருந்தும். நம் வகுப்பில் உட்காருகிறவர்களில் பெரும்பாலோருடைய தண்டனை ஆண்டுக் கணக்கில். வேலை விண்ணப்பத்தில் தண்டனை பெற்றதுண்டா என்ற கட்டம் வந்தால் என்ன எழுதுவது, நேர்காணலில் எந்த இடத்தில் அதைச் சொல்வது என்பதுதான் பாடம் முடிந்ததும் அவர்கள் கேட்கும் கேள்வி. கணினிப் பாடத்திலும் கேட்கிறார்கள், சமையல் பாடத்திலும் கேட்கிறார்கள். இந்த ஆண்டு முதல் அதற்கென்றே ஒரு தனி வகுப்பு வைப்பதாக முடிவாகியிருக்கிறது. அலுவலகத்தில் ஆளெடுக்கும் பிரிவில் வேலை பார்த்தவர்கள், ஓய்வு பெற்றவர்களாக இருந்தாலும் சரி, முன்வந்தால் உதவியாக இருக்கும்.